தலைமன்னாரிலிருந்து அக்கரைக்கு

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கிடக்கும் கடல் சுமார் 29 கிலோமீற்றர். தலைமன்னார்க்காரருக்கு யாழ்ப்பாணத்தைவிட இந்தியக் கரையே கிட்ட. ஆனாலும் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் போய்ச் சேர இன்று ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். பயண நேரத்தைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வழி, வாகனம், இடையில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

1914இல் இராமேசுவரம் தீவை இந்தியப் பெருநிலத்தோடு இணைக்கும் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சென்னையில் போட் மெயில் ரயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினார். சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார் இறங்குதுறை வந்துவிடும். தண்டவாளம் துறைவரை போடப்பட்டிருந்ததால், கப்பலைவிட்டு இறங்கியதும் கொழும்பு ரயில். சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே பயணச்சீட்டு. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு இந்தக் கணக்குப் பொருந்தவில்லை. நோய்த் தடுப்புக்காக இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் அவர்கள் நாட்கணக்கில் தங்க வைக்கப்பட்டார்கள். கடல் ஒன்றுதான்; பயண காலம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதையில் 2015இல் மீண்டும் ரயில் வந்தது. கப்பல் வரவில்லை.

வான்வழியில் எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னை சென்றது. விமானத் தூரம் என்பது பூமியின் வளைவை ஒட்டி இரு நிலையங்களுக்கு இடையே அளக்கப்படும் மிகக் குறுகிய கோடு. அப்படி அளந்தால் கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து சென்னை சுமார் 650 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை சுமார் 355. தூரம் கிட்டத்தட்டப் பாதி என்றாலும், இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து போவது மணிக்கு 800 கிலோமீற்றர் அளவில் பறக்கும் ஜெட். 2019இல் பலாலிச் சேவையைத் தொடங்கியதோ சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் விமானம். அதன் வேகம் 500 கிலோமீற்றர் அளவுதான். ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலே ஏறுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரம் தூரம் குறைந்தாலும் அவ்வளவாகக் குறையாது.

மன்னாரிலிருந்து கொழும்பு வழியாகப் போகிறவர் தெற்கே 300 கிலோமீற்றருக்கு மேல் பயணித்து, மதுரைக்குச் சுமார் 350 கிலோமீற்றர் பறந்து, அங்கிருந்து இராமேசுவரத்துக்கு இன்னும் 170 கிலோமீற்றர் தரைவழி போகவேண்டும். மொத்தம் 800 கிலோமீற்றருக்கு மேல். இதில் வானில் கழிவது ஒரு மணி நேரம் அளவே; மீதி நேரமெல்லாம் வீதியிலும், சோதனை வரிசையிலும், விமான நிலையத்தில் காத்திருப்பதிலும் போகிறது. கடல்வழியை விரும்புகிறவருக்கு 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் உண்டு. சுமார் 110 கிலோமீற்றர், நான்கு மணி நேரம் அளவு. அதற்கும் மன்னார்க்காரர் முதலில் யாழ்ப்பாணம் தாண்டிப் போகவேண்டும்.