குளிரில் மொபெட் ஓட்டுவோருக்கு



அன்புச் சகோதரர்களே, டிசம்பரும் ஜனவரியும் நமது நீலகிரியில் உறைபனிக் காலம். விடியுமுன் பால், பேப்பர், காய்கறி என்று மொபெட்டில் கிளம்புகிறவர்கள் நம்மில் பலர்.

குளிர் என்றாலே சளி, இருமல் என்று நினைக்கிறோம். வண்டி ஓட்டுபவருக்கு முதல் ஆபத்து விரல்களில் இருக்கிறது. மொபெட்டின் இரண்டு பிரேக்கும் கையில்தான். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதித்தால் வண்டி 11 மீட்டர் போய்விடும். அந்த வேகத்தில் எதிர்காற்று அடிக்கும்போது 5 டிகிரி குளிரும் உடம்புக்கு 0 டிகிரி போலத்தான் உறைக்கும். ஆகவே, மெதுவாகப் போனால் குளிர் குறைவாக உறைக்கும்.

கம்பளிக் கையுறைக்குள் காற்று புகும். அதன்மேல் தோல் அல்லது ரெக்சின் கையுறை போடுங்கள். ஜெர்கின் இல்லாதவர்கள் ஸ்வெட்டருக்குள் நெஞ்சை மறைத்துச் செய்தித்தாளை மடித்து வைக்கலாம். மஃப்ளர் நுனியைத் தொங்கவிடாதீர்கள், சக்கரத்தில் சிக்கும். குல்லா போட்டிருக்கிறோமே என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிடாதீர்கள். வெயில் படாத வளைவுகளில் சாலை வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விரல் மரத்தால் ஓரமாக நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கடை நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியுமுன் வேலையாளை வண்டியில் அனுப்பினால், ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிது.