ஒன்றியம் என்னும் சொல்
(வேலம்பாளையத்தில் ஆற்றிய உரை)



'யூனியன்' என்னும் ஆங்கிலச் சொல், ஒன்று எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்று பிறந்தது. நம் 'ஒன்றியம்' பிறந்ததும் 'ஒன்று' என்பதினின்றே. பின் கடன் எதற்கு?

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை நிலைநிறுத்தியது ஒன்றிய உணர்வே. ஊராட்சி ஒன்றியமும் நாம் நாளும் வழங்கும் பெயரே.

அரசியலமைப்பின் முதற்கூறு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 'மத்திய அரசு' என்றால் தில்லி நடு, மாநிலங்கள் விளிம்பு. 'ஒன்றிய அரசு' என்றால் மாநிலங்கள் உறுப்பாய் அமைந்த முழுமை. 2021இல் தமிழ்நாட்டரசு இச்சொல்லை ஆண்டபோது எழுந்த பூசலே சொல்லின் ஆற்றலுக்குச் சான்று.

தன்மை கெடாது ஒன்றுதலே ஒன்றியம், விழுங்குதல் ஒன்றியமாகாது. சொல் திருந்தினால் உரிமையுணர்வு தெளியும். வாழ்க தமிழ்!