விமான நிலையத்தில் வழி கேட்போம்



அந்தமானிலிருந்து தாயகம் செல்வதென்றால் கப்பல் பிரயாணம் ஒன்றே நம் முன்னோர் அறிந்த வழி. ஹாடோ துறையில் ஏறினால் சுமார் மூன்று நாள் கடலையும் வானையும் பார்த்துக்கொண்டிருந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்குவார்கள். அலைக்கும் புயலுக்கும் அஞ்ச வேண்டியிருந்ததே அன்றி, வழி தவறிவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருந்ததில்லை. ஏறிய கப்பல் ஒன்று. சேரும் துறையும் ஒன்று. உடன் வருவோரில் பலர் அறிந்த முகங்கள்.

இன்று அதே தூரத்தை விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. நாள் சுருங்கிற்று, ஆனால் பிரயாணியின் சோதனை இடம் மாறிற்று. அது இப்பொழுது நடுக்கடலில் இல்லை. விமானம் ஏறுவதற்கு முன் நாம் கடக்க வேண்டிய பெரிய மண்டபத்தில் இருக்கிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் எனப் பல திறத்தார் இவர்கள். மகளின் பிரசவம், பெரிய ஆஸ்பத்திரி வைத்தியம், உடன்பிறந்தாரின் சாவு என்று ஏதேனும் ஒரு காரணத்தால் இவர்கள் அனைவரும் என்றாவது ஒருநாள் விமான நிலையத்தின் வாயிலில் நிற்கவேண்டியவர்களே.

இங்குள்ள வீர சாவர்க்கர் சர்வதேச விமான நிலையத்தின் புதிய கட்டடம் 2023 ஜூலை 18ஆம் நாள் திறக்கப்பெற்றது. சிப்பியின் வடிவில் அமைந்த அக்கட்டடத்தின் பரப்பு சுமார் 40,800 சதுர மீட்டர். பழைய கட்டடம் நாளொன்றுக்கு 4,000 பேருக்கே போதுமானதாயிருந்தது. புதியதில் 11,000 பேர் வரை இடங்கொள்ளும் என்பது திட்டம். 2024 நவம்பர் 16ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து முதல் சர்வதேச விமானம் வந்திறங்கியது. மலேயா நாட்டில் உறவினர் உள்ள நம்மவர்க்கு அது தனி மகிழ்ச்சி தந்த செய்தி.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். போர்ட் பிளேர் நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. சீட்டில் ஒரு பெயரும் பலகையில் மற்றொரு பெயரும் இருக்கக் கண்டால் திகைக்க வேண்டியதில்லை. ஐ.எக்ஸ்.இசட். என்னும் மூன்று எழுத்துக் குறி இவ்வூருக்கு உரியது, எம்.ஏ.ஏ. என்பது சென்னைக்கு உரியது. பெயர் மாறினாலும் இக்குறி நமக்கு வழிகாட்டும்.

இனி நிலையத்தினுள் செல்லும் முறையைக் காண்போம். வாயிற்காவலர் முதலில் பார்ப்பது இரண்டு: பிரயாணச் சீட்டு, அரசாங்க அடையாள அட்டை. இரண்டிலும் பெயர் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். முத்துலட்சுமி என்று அட்டையிலும் லட்சுமி என்று சீட்டிலும் இருந்தால் அங்கேயே தடை எழலாம். அடுத்தது, விமானக் கம்பெனியின் மேசை. பெரிய சாமான்களை அங்கே ஒப்படைத்து, விமானம் ஏறுவதற்குரிய அட்டையைப் பெறுகிறோம். உள்நாட்டுப் பிரயாணத்தில், விமானம் புறப்படுவதற்குப் பொதுவாக 60 நிமிஷத்திற்கு முன்பே இம்மேசையை மூடிவிடுகிறார்கள். சாமானுக்காகத் தரும் சிறு துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். சாமான் வந்து சேராவிடில் அதுவே நமக்குச் சாட்சி.

மூன்றாவது, பாதுகாப்புச் சோதனை. கத்தியும் அரிவாள்மணையும் கைப்பையில் ஆகா என்பது பலரும் அறிந்ததே. ஆனால் ஊருக்கு ஆசையோடு எடுத்துச் செல்லும் கொப்பரையைப் பலர் நினைப்பதில்லை. எண்ணெய் மிகுந்து எளிதில் தீப்பற்றக் கூடியதாதலால், ஒப்படைக்கும் பெட்டியில் அதற்கு இடமில்லை. கடற்கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டும் அப்படியே. மணலில் கேட்பாரற்றுக் கிடந்ததாயினும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கின்றது. பேரக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக எடுத்துச் சென்றேன் என்று சொல்வது சமாதானம் ஆகாது.

நான்காவது, விமானத்தில் ஏறும் வாயில். பலர் இடறுவது இங்கேதான். வாயிலின் எண் அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும்; ஆனால் அச்சிட்ட எண் மாறுவதும் உண்டு. இந்நாளில் பல விமான நிலையங்களில் இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு அறிவிப்புகளை உரக்கச் சொல்வதில்லை. மின்பலகையில் எழுத்து மாறும், அவ்வளவே.

தாயகத்துப் பெருநகர் ஒன்றின் விமான நிலையத்தில் நாம் கண்ட காட்சியை இங்கே சொல்லவேண்டும். மாயாபந்தரிலிருந்து புறப்பட்ட பெரியவர் ஒருவர், அண்ணன் இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்நகரில் விமானம் மாறவேண்டும். அட்டையில் கண்ட எண்ணின் எதிரே துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார். வாயில் எண் மாறியது. பலகையில் ஆங்கிலமும் இந்தியுமே ஓடின. அவர் அறிந்ததோ தமிழ் ஒன்றே. விமானம் போய் நெடுநேரம் ஆன பின்னரே அவர் எழுந்து நம்மிடம் அட்டையை நீட்டினார்.

“முன்பே கேட்டிருக்கக் கூடாதா, ஐயா?” என்றோம்.

“நாலு பேர் நடுவிலே கேட்கக் கூச்சமாயிருந்தது, தம்பி” என்றார்.

மறுநாள் காலை விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் ஊர் சேர்வதற்குள் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தாகிவிட்டது.

குற்றம் அவருடைய கூச்சத்தை மட்டும் சார்ந்ததா? அவருக்கு அடுத்த வரிசையிலேதான் நாம் இரண்டு மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். நம் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். வேட்டியும் துணிப்பையுமாக ஒரு முதியவர் தனியே அமர்ந்திருந்தது நம் கண்ணிலும் பட்டதே. “எந்த ஊருக்குப் போகிறீர்கள், ஐயா?” என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. இன்றும் அது நம் மனத்தை உறுத்துகிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பர். விமான நிலையத்தில் அது முற்றிலும் உண்மை. சீருடை அணிந்த ஊழியர் எவரிடமும் அட்டையை நீட்டினால் போதும். மொழி தெரியாவிடினும் கை காட்டுவார். நடக்க இயலாத முதியோர்க்குச் சக்கர நாற்காலியும் துணையாளும் தருவதுண்டு. சீட்டு வாங்கும்போதே சொல்லி வைத்தல் நலம். இதைக் கேட்பது இழுக்கன்று, பிரயாணியின் உரிமை.

சென்னையில் இறங்கி வெளிநாடு செல்வோர் மற்றொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே உள்நாட்டு விமானங்களுக்கும் வெளிநாட்டு விமானங்களுக்கும் கட்டடங்கள் வேறு வேறு. சாமானை எடுத்துக்கொண்டு கட்டடம் மாறி, குடியேற்ற அதிகாரியின் சோதனையையும் கடக்க வேண்டும். ஆதலின் இரண்டு விமானங்களுக்கும் இடையே தாராளமாக அவகாசம் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

வீட்டில் இளையோர் இருந்தால், தனியே செல்லும் முதியவருக்கு ஒரு சிறு காகிதம் எழுதிக் கொடுங்கள். விமானத்தின் எண், இறங்கும் ஊர், அழைத்துச் செல்ல வருபவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதுங்கள். கைப்பேசி உறங்கிப்போனாலும் காகிதம் பேசும்.

கப்பலில் மூன்று நாள் ஒன்றாக உண்டு உறங்கியவர்கள் இறங்கும்போது உறவினராகிவிடுவார்கள். விமானம் அத்தனை அவகாசம் தருவதில்லை. ஆயினும் ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? வழி தெரியாதவர் கூசாமல் கேட்கட்டும். வழி தெரிந்த நாம், அவர் கேட்கும் வரை காத்திராமல் அருகே சென்று விசாரிப்போம்.