தொட்டியிலிருந்து கண்மாய்க்கு

அந்நிய மீன்களைப் பற்றிய இளநிலை மாணவர் ஆய்வு, நீர்வாழ் உயிரியலை வாழ்க்கைப் பணியாக்க வழி திறக்குமா என்பது இன்றைய பொருள். திறக்கும். மேற்படிப்பையும் தேர்வுகளையும் பின்வரும் அமர்வுகள் விளக்கும். எந்த ஆய்வு திறக்கும் என்பதில்தான் என் வழக்கு.

நம் கல்லூரித் துறைகளில் ஜிலேபிக் கெண்டை, அதாவது திலாப்பியா, தொட்டி மீன். பூச்சிமருந்து கலந்த நீரில் விட்டு, 96 மணி நேரத்தில் பாதி சாகும் அளவைக் கணக்கிடுவது நம் திட்டக்கட்டுரை மரபு. அதன் பயனை மறுக்கவில்லை. ஆனால் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் கம்பம் பள்ளத்தாக்கின் கண்மாய்களில் என்ன செய்கிறது என்று அந்த ஆய்வுகள் கேட்பதில்லை. எளிதில் கிடைப்பதால் அதைத் தேர்ந்தோம். ஏன் அவ்வளவு எளிதில் கிடைக்கிறது என்பதே முதலில் ஆராய வேண்டியது.

இங்கே, நாம் அதிகம் புரட்டாத ஒரு கட்டுரையை முன்வைக்கிறேன். மீன் ஆய்வாளர் சுந்தர ராஜ் 1941-இல் பெரியாறு ஏரியிலிருந்து லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்ற மீனை விவரித்தார். திலாப்பியா வருவதற்கு 11 ஆண்டு முந்தைய சான்று அது. இன்று அந்த ஏரியில் திலாப்பியாவும் சாதாக் கெண்டையும் உண்டு. 1895 முதல் அதே நீர் சுரங்கம் வழியாக வைரவனாற்றில் விழுந்து, கம்பம் பள்ளத்தாக்கின் சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. மேற்கே ஓடிய பெரியாற்றின் உயிர்களுக்குக் கிழக்கே வழி திறந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அப்படியானால் சுருளியாற்றின் சொந்த மீன்கள் எவை? வெளிநாட்டு மீன்களை மட்டும் அந்நியம் என்று எண்ணும் நண்பர்களோடு நான் பணிவாக மாறுபடுகிறேன். கங்கைச் சமவெளியிலிருந்து வந்த கட்லாவும் ரோகுவும் வைகைக்கு வெளியார்தான். ஆற்றுப் படுகையே அளவுகோல், நாட்டெல்லை அல்ல.

மாணவர்கள் மீனைத் தவறாக இனங்காண்பார்கள் என்பது மூத்தோர் சிலரின் நெடுநாள் தடை. காண்பார்கள்தான். அதற்கு மருந்து, இடமும் நாளும் எழுதிய சீட்டோடு மாதிரியைப் பதப்படுத்தி, சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கிளையில் ஒப்படைப்பது. தவறை இருபது ஆண்டு கழித்தும் திருத்தலாம்; தொட்டியில் செத்த மீனின் எண்ணிக்கையை யார் சரிபார்ப்பது? ஏழைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் மீனைக் குற்றவாளியாக்குவதா என்ற தடை கனமானது. வைகை அணையை நம்பி வலை வீசுவோரின் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது அளப்பது மட்டுமே, அழிப்பதல்ல. வாயில் முட்டை சுமக்கும் மிகச்சிறிய பெண் மீனின் நீளத்தை ஒரே கண்மாயில் மாதந்தோறும் பதிவு செய்தால், குட்டையான நிலையிலேயே இனப்பெருக்கம் செய்யும் திலாப்பியாவின் போக்கு தெரியவரும். மீன் சிறுத்தால் முதலில் விலை இழப்பவர் மீனவர்தாமே?

இப்படி ஓராண்டு உழைத்த மாணவிக்கு வலையும் இனங்காணும் திறவுகோலும் நீளப் பரவல் கணக்கும் மீனவரோடு பேசும் பழக்கமும் கைவரும். பாரக்பூரின் உள்நாட்டு மீன்வள நிறுவனத்திலோ லக்னோவின் மீன் மரபுவள நிறுவனத்திலோ களப்பணிக்குத் தேவையானவை இவையே. ஆகவே, மாதிரி ஒப்படைத்த கள ஆய்வுக்கும் தொட்டிச் சோதனைக்கு இணையான மதிப்பெண்ணைப் பாடத்திட்டக் குழுக்கள் தரவேண்டும் என்ற தீர்மானத்தை நாளைய நிறைவு அமர்வில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.