வேரைக் காக்கும் நுண்ணுயிரும் அதன் பூட்டும்



மஞ்சள் நடுகிற பருவத்திலும் தக்காளி நாற்று விடுகிற நாளிலும் நம் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் பலர் சூடோமோனாஸ் பொடியைத் தேடி வாங்குகிறார்கள். வேரழுகல், வாடல், நாற்றழுகல் ஆகியவற்றைத் தடுக்கிற நுண்ணுயிர் அதில் இருக்கிறது. "ஏனுங்க, ஒரு வருசம் நல்லாக் கேக்குது, மறு வருசம் கேக்க மாட்டேங்குதுங்களே?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

இந்தப் பொடி நமக்குப் புதிது அல்ல. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வித்யாசேகரனும் முத்தமிழனும் இந்த நுண்ணுயிரை டால்க் மாவில் கலந்து, கொண்டைக்கடலை வாடல் நோய்க்குப் பயன்படுத்திய ஆய்வை 1995இல் வெளியிட்டார்கள். இன்று பல பயிருக்கும் அது வந்துவிட்டது.

நோய்ப் பூஞ்சாணத்தை இது எப்படி அடக்குகிறது? வழிகள் பல உண்டு. அதில் ஒன்று விஷம். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு சுருண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சோளத்தில் இருக்கிற ஹைட்ரஜன் சயனைடைத்தான் இந்த இனத்து நுண்ணுயிர்கள் பலவும் வேரோரத்தில் மிகச் சிறிய அளவில் உண்டாக்குகின்றன.

ஆனால் எந்நேரமும் உண்டாக்குவதில்லை. விஷம் தயாரிக்கச் சத்து செலவாகும். நாலைந்து பேர் மட்டும் இருக்கிறபோது செலவு செய்து என்ன பயன்? கூட்டம் சேருகிற வரை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கத்தைச் செய்வது ஒரு சின்னப் புரதம்.

ஜீன் என்பது பெட்டியில் இருக்கிற மூலப்பத்திரம் மாதிரி. அது வெளியே வராது. அதிலிருந்து எடுக்கிற நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலைப் படித்துப் புரதம் செய்து தருகிற வேலைக்காரன் ரைபோசோம். விஷத்துக்கு உரிய நகல் தயாராகவே இருக்கும். ஆனால் ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடத்தில் ஆர்.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். நகல் இருந்தும் வேலை நடக்காது. இதுதான் பூட்டு.

இனிச் சாவியைப் பாருங்க. ஒவ்வொரு நுண்ணுயிரும் ஒரு சைகைப் பொருளை வெளியே விடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளும் சேருகிறது. ஜி.ஏ.சி. என்ற ஒரு ஜோடி ஜீன்கள் அதற்குப் பதில் கொடுத்துச் சிறு சிறு ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்கச் செய்கின்றன. இவற்றில் எந்தப் புரதத்துக்கும் குறிப்பு கிடையாது. அந்தப் பூட்டுப் புரதம் பிடித்துக்கொள்கிற அடையாளம் மட்டும் பல இடங்களில் இருக்கும். சோற்றுத் தட்டை மொய்க்கிற ஈக்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வெல்லக்கட்டியை வைத்தால் தட்டை விட்டுப் போகுமல்லவா? அப்படித்தான் புரதங்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. நகல் விடுபடுகிறது, விஷம் தயாராகிறது.

சுவிட்சர்லாந்தில் புகையிலைக்கு வேர்க்கருகல் வராத மண்ணிலிருந்து எடுத்த சி.எச்.ஏ.0 என்ற ரகத்தில், லோசான் பல்கலைக்கழகத்தின் டீட்டர் ஹாஸ் குழுவினர் இதை விளக்கினார்கள். நம் பொடியில் இருப்பதும் அதே சூடோமோனாஸ் பேரினம்தான்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அந்த ஜி.ஏ.சி. ஜீன் சில நுண்ணுயிர்களில் தானாகவே பழுதாகிவிடும். பழுதானால் பூட்டு திறக்காது. அது விஷம் செய்யாத சோம்பேறி. ஆனால் செலவு மிச்சமாவதால் தீனி நிறைந்த கரைசலில் நல்லதை மிஞ்சிப் பெருகும். சி.எச்.ஏ.0 ரகத்திலேயே இதைக் கண்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் உயிர் கோடிக்கணக்கில் இருக்கும். வேலை செய்வது குறைவாக இருக்கும்.

சிலர் பொடியை வெல்லக் கரைசலில் ஊற வைத்துப் பீப்பாயில் பெருக்குகிறார்கள். அதில் ஒரு செம்பு எடுத்து அடுத்த பீப்பாய், அதிலிருந்து இன்னொன்று என்று போவார்கள். காசு மிச்சம்தான். ஆனால் கை மாற மாற வேறு கிருமியும் சேரும், சோம்பேறியும் சேரும். அப்படிச் செய்யாதீங்க. பெருக்குவதானால் ஒவ்வொரு தடவையும் புதுப் பாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்.

மற்றவை நீங்கள் அறிந்ததே. தயாரித்த நாளும் காலாவதி நாளும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள். விதை கிலோவுக்கு 10 கிராம் கலந்து நிழலில் உலர்த்துங்கள். ஏக்கருக்கு 1 கிலோ பொடியை நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் இருக்கிறபோது வேரோரத்தில் இடுங்கள். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு ஒன்றாகக் கலக்க வேண்டாம். மஞ்சள் தோட்டத்தில் தண்ணீர் தேங்கினால் எந்தப் பொடியும் காப்பாற்றாது; முதலில் வடிகால் எடுங்கள்.

பெரியவரிடம் கடைசியாகச் சொன்னேன்: "பீப்பாயில எத்தனை கோடி இருக்குதுன்னு பார்க்காதீங்க. வேலை செய்யறது எத்தனைன்னு பாருங்க." பண்ணைக்கு ஆள் வைக்கும்போதும் நாம் அப்படித்தானே பார்க்கிறோம்!