மருந்தும் அளவும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய சுகாதாரக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழக்கமாகச் சாலையையும் வாய்க்காலையும் பற்றிப் பேசுகின்ற நாம், இன்று காய்ச்சல் மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் சென்ற மாதம் நடந்த நிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

அங்கு ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. எடை 10 கிலோ. பாட்டியார், மூத்த பேரனுக்கு முன்பு கொடுத்தது போலவே, பாரசிட்டமால் மருந்தைப் பாலாடையில் ஊற்றி நாளைக்கு நான்கு வேளை புகட்டினார். இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது. ஆனால் குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்துவிட்டது. மருத்துவமனையில் சோதித்தபோது கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. மாற்று மருந்து காலத்தில் செலுத்தப்பட்டதால் குழந்தை பிழைத்தது.

பாட்டியாரின் அன்பிலே குறையில்லை. மூத்தவனுக்கு வாங்கியது சிரப். அதில் 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லி கிராம் மருந்து. இம்முறை வாங்கியது சொட்டு மருந்து. அதில் 1 மில்லி லிட்டரிலேயே 100 மில்லி கிராம். பெயர் ஒன்று, செறிவு வேறு. சீசாவுடன் வந்த சொட்டுக்குழாய் உடைந்துபோகவே, பழைய பாலாடை கைக்கு வந்தது. அவர் ஊற்றி வந்த அளவைச் செவிலியர் அளந்து பார்த்தார். 5 மில்லி லிட்டர் இருந்தது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கிராம் என்னும் கணக்கில், வேளைக்கு 100 முதல் 150 பெறவேண்டிய குழந்தை 500 பெற்றிருக்கின்றது!

விவசாயிகளுக்கு இது புதிதன்று. இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதத்திலும் வருகின்றது, 30.5 சதவீதத்திலும் வருகின்றது. இரண்டையும் ஒரே அளவில் டேங்கில் ஊற்றுவோமா? பயிருக்கு மூடியால் அளக்கின்ற நாம், பிள்ளைக்குக் கரண்டியைத் தேடுகின்றோம். கரண்டியோ வீட்டுக்கு வீடு வேறு.

பாரசிட்டமால் நல்ல மருந்தே. அது உடலில் சிதையும்போது சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகின்றது. கல்லீரல் தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு அதை முறிக்கின்றது. மிகுநீரைக் கலிங்கு வெளியேற்றுவது போன்றது இது. கலிங்கு தாங்காத வெள்ளம் வந்தால் கரை உடையும். முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமலிருப்பதுதான் இதிலுள்ள அபாயம்.

செவிலியர் பயிற்சியில், சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் சரிபார்க்காமல் மருந்து கொடுக்கலாகாதென்று கற்பிக்கின்றனர். வீட்டிற்கும் இதுவே விதி. நேரம் என்பது, இம்மருந்தில் இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணி. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. சளி மருந்துகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கின்றது. ஆகவே வேறு பெயருள்ள இரண்டு சீசாக்களால் ஒரே மருந்தை இருமுறை கொடுத்தவராவோம். சிறிய எழுத்தாயினும் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதோர் கேட்க வெட்கப்பட வேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு மருந்தே கூடாது. மருத்துவரிடம் கொண்டு செல்க. அளவு மிகுந்துவிட்டதென்று ஐயம் தோன்றினால், குழந்தை விளையாடிக் கொண்டிருந்தாலும் காத்திராமல், 108 வண்டியை அழைத்து, சீசாவையும் உடன் எடுத்துச் செல்க.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊசியில்லாத அளவுக் குழாய் சில ரூபாயில் கிடைக்கின்றது. கிராம சுகாதாரக் குழுவின் நிதியிலிருந்து, கைக்குழந்தையுள்ள வீடுதோறும் ஒன்று வழங்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கிராம சுகாதார செவிலியர் இதோ நம்முடன் அமர்ந்திருக்கின்றார். கூட்டம் முடிந்ததும், தாய்மார்கள் வீட்டிலுள்ள மருந்துச் சீசாக்களையும் பாலாடையையும் கொண்டுவந்தால், எந்தச் சீசாவுக்கு எவ்வளவென்று அவரே அளந்து காட்டுவார்.