போடி மலையும் ஜோடி சேராத எலக்ட்ரானும்

போடிநாயக்கனூர்னாலே ஏலக்காய்தான். ஆனா இப்போ அந்த ஊர் பேரோட இன்னொரு வார்த்தையும் ஒட்டிக்கிச்சு: நியூட்ரினோ.

போடி மேற்கு மலைக்குள்ள, பொட்டிபுரம் பக்கம், சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு ஒரு ஆய்வகம் கட்டுறதா திட்டம். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. உள்ள வைக்க நினைச்சது 50,000 டன் இரும்பு. அதுவும் காந்தமாக்கின இரும்பு.

ஈயம் இதைவிட அடர்த்தியாச்சே, ஏன் இரும்பு? நியூட்ரினோ நேரா கண்ணுல சிக்காது. எப்பவாவது ஒரு அணுவுல மோதினா மியூவான்னு ஒரு துகள் வெளிய வரும். நியூட்ரினோன்னா மைனஸ் மியூவான், எதிர் நியூட்ரினோன்னா ப்ளஸ். காந்தப்புலத்துல ஒண்ணு இந்தப் பக்கம் வளையும், இன்னொண்ணு அந்தப் பக்கம். காந்தம் இல்லைன்னா ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஈயத்தை அப்படிக் காந்தமாக்க முடியாது.

இரும்பை மட்டும் எப்படி முடியுது? இரும்பு அணுவுல 26 எலக்ட்ரான். கடைசியில 3டி-ல 6, 4எஸ்-ல 2. 3டி-ல அஞ்சு இடம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர் உட்காரலாம். போடி பஸ்ல ஏறுறவங்க முதல்ல காலி சீட்டாத்தானே தேடுவாங்க? அதே கதை. அஞ்சு பேர் தனித்தனியா உட்காருவாங்க, ஆறாவது ஆள்தான் பக்கத்துல போய் உட்காரணும். மிச்சம் நாலு எலக்ட்ரான் தனியாளு. ஜோடி சேர்ந்தா ஒண்ணோட காந்தத்தன்மையை இன்னொண்ணு அடிச்சுரும். தனியா இருக்கிறதுதான் குட்டிக் காந்தம்.

ஆனா இது மட்டும் போதாது. மாங்கனீஸ்ல அஞ்சு தனி எலக்ட்ரான் இருக்கு, ஆனா அது இரும்பு மாதிரி காந்தத்துல ஒட்டாது. இரும்புல பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில வரிசை கட்டும், அதுதான் விஷயம். திட இரும்புல நாலும் முழுசா கணக்குல வராது, அணுவுக்குச் சராசரி 2.2 அளவுதான் தேறும். அதுவே போதும்: சுத்தி காயில் கட்டிக் கரண்ட் விட்டா சுமார் 1.5 டெஸ்லா. நம்ம ஊர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் பலதுலயும் இதே அளவுதான்.

2022-ல தமிழ்நாடு அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றத்துல சொல்லிருச்சு. பெரியாறு–மதிகெட்டான் புலி வழித்தடம், தண்ணீர், மலைன்னு காரணங்கள். காஸ்மிக் கதிரைத் தடுக்க எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டராவது பாறை வேணும், அதனாலதான் மலையே தேடினாங்க. இரும்புக்குள்ள இருக்கிற எலக்ட்ரானுக்கு எந்த மலையா இருந்தாலும் ஒண்ணுதான். புலிக்கும் பொட்டிபுரத்துக்காரங்களுக்கும் அப்படி இல்லை. இயற்பியல் சரியாங்கிறது ஒரு கேள்வி, இடம் சரியாங்கிறது வேற கேள்வி. டீக்கடையில சண்டை போடுறப்போ ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மதுரையில 85 டன்ல இதோட குட்டி மாடல் ஒண்ணு கட்டி ஓட்டிப் பார்த்திருக்காங்க. அதைப் பத்தி அடுத்த எபிசோடுல பேசுவோம். வரட்டா!